மூன்று வருடம் சோடியம் குறைந்த உப்பு: என் அனுபவம்

சித்தி மகள் போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்க போடுற அந்த பிரஷர் உப்பு நல்லா இருக்கா? கடையில ஆஃபர் போட்டிருக்கான், நானும் மாறிடட்டுமா?" போனில் அவளிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

என் கணவருக்கு 150-ஐத் தாண்டி பிரஷர் இருந்தபோது மாறினோம். சாதா உப்பில் சோடியம் குளோரைடுதான். இதில் 30 சதவீதத்தை எடுத்துவிட்டு பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு தாது உப்புதான். அயோடினும் இருக்கிறது. விலை சாதா உப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

சாம்பார், ரசம், பொரியல் எதிலும் வித்தியாசம் தெரியாது. மோரிலும் தயிர் சாதத்திலும் மட்டும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு நிற்கும். அது பொட்டாசியத்தின் குணம். முதல் இரண்டு மாதம் உப்பு பத்தவில்லை என்று கூடுதலாகப் போட்டேன், அது தப்பு. அளவைச் சரிசெய்து, அப்பளம், கருவாட்டையும் குறைத்த பிறகு அவர் பிரஷர் 130-க்கு இறங்கியது. மாத்திரையும் கூட இருந்தது என்பதால் முழுப் பெருமையையும் உப்புக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரை ஐந்து வருடம் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. பக்கவாதம் வந்தவர்கள், பிரஷர் உள்ள அறுபது தாண்டியவர்கள்தான் அதில் இருந்தார்கள். கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு சாப்பிட்டவர்களுக்கு பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. சமையலில் உப்பை மாற்றியதற்கே இவ்வளவு பலன் என்பது பெரிய விஷயம்.

அப்புறம் மாமனார் ஊரிலிருந்து வந்தார். வயது 74, இருபது வருடமாக சர்க்கரை, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன். எங்களோடு மூன்று மாதம் இருந்தார். கால் ஓய்கிறது என்றார், வயதுதானே என்று விட்டுவிட்டோம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 வந்தது. 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டியது. டாக்டர் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுவிடலாம் என்றார். நல்லவேளை, ஈசிஜி சரியாக இருந்தது.

"வீட்ல என்ன உப்பு போடுறீங்க?" என்பதுதான் அவர் கேட்ட அடுத்த கேள்வி.

சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரைகளும் அதைத் தேக்கிவைக்கும். மாமனாருக்கு இரண்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இந்த உப்பை 5 கிராம் சாப்பிட்டால் 780 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளே போகிறது. அதற்கு மேல், உடம்புக்குக் குளிர்ச்சி என்று நான் தினமும் வாங்கிக் கொடுத்த இளநீர். அதிலும் பொட்டாசியம்தான். அன்பாகக் கொடுத்ததெல்லாம் அவருக்கு எதிராக வேலை செய்திருக்கிறது. இன்னும் மனசு ஆறவில்லை.

உப்பை மாற்றி, இளநீரை நிறுத்தி, பொட்டாசியத்தைக் குறைக்க, தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் ஒரு தூளும் கொடுத்தோம். பத்து நாளில் 4.8-க்கு வந்துவிட்டார்.

பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கத்தில் பெரிய சிவப்பு இதயம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்தவும் என்பது பின்பக்கம், ஒட்டு மடிப்புக்குக் கீழே, கடுகைவிடச் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில். எச்சரிக்கை போட்டுவிட்டோம் என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் இந்த உப்பைத் தேடி வாங்குபவர்கள் யார்? பிரஷரும் சர்க்கரையும் உள்ள வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் கண்ணில் படாத இடத்தில் அதை அச்சடிப்பது எந்த நியாயம்? உலக சுகாதார நிறுவனம் 2025-இல் இந்த மாதிரி உப்பைப் பரிந்துரைத்தபோதே குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று சேர்த்தே சொன்னது.

இப்போது அடுப்பு மேடையில் இரண்டு டப்பா. மாமனாருக்குச் சாதா உப்பு, அதுவும் கொஞ்சமாக. கணவருக்கு அந்தச் சோடியம் குறைந்த உப்பே தொடர்கிறது, அவருக்கு அது நல்லதைத்தான் செய்கிறது. ஆனாலும் 5-க்கு 2 மதிப்பெண்தான் கொடுப்பேன். அந்த எழுத்து முன்பக்கம் வரும்வரை கூட்ட மாட்டேன்.

சித்தி மகளே, உன் மாமியாருக்குக் கடைசியாக எப்போது கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்தீர்கள்? முதலில் அதைச் சொல், ஆஃபரைப் பற்றி அப்புறம் பேசலாம்.