கன்வெர்ட்டர் மாற்றியாயிற்று, விளக்குதான் அணைய மாட்டேன் என்கிறது

நண்பர் ஒருவருக்கு என் வண்டி மாதிரியே பழைய வி8 செடான் (இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர் உள்ள கார்) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. புகையைச் சுத்தம் செய்து வெளியே விடும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டதாம். "பிடுங்கிவிட்டு வெறும் குழாய் போட்டு ஓட்டலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதிவிடுகிறேன்.

என் வண்டியில் சிலிண்டர் வரிசைக்கு ஒரு கன்வெர்ட்டர். முன்பு வைத்திருந்தவர் இரண்டாவது வரிசையில் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்று செத்ததைக் கண்டுகொள்ளாமல் மிஸ்ஸிங்கோடு ஓட்டியிருக்கிறார். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய்ப் பற்றிக்கொண்டு, உள்ளே இருந்த பீங்கான் தேன்கூட்டையே உருக்கிவிட்டது. ஐடிலில் கிலுகிலுப்பைச் சத்தம். அழுத்தி மிதித்தால் மூச்சு முட்டும், இழுவையே இருக்காது. கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் பாதித் துளைகள் உருகி அடைத்துக் கிடந்தன. மீதி, கவிழ்த்ததும் துண்டு துண்டாகக் கொட்டியது. துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றிய பாட்டைச் சொன்னால் அழுகைதான் வரும், விடுங்கள்.

வெறும் குழாய் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், புகைப் பரிசோதனையிலும் தேறாது. சரி, சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், இந்த மாதிரி வண்டியை எதற்கு வாங்குகிறோம்? உள்ளே உட்கார்ந்தால் சத்தம் வரக்கூடாது என்றுதானே! வெறும் குழாய் போட்டால் ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் ரீங்காரம், நின்றால் பெட்ரோல் நாற்றம். அடைப்பு நீங்கி இழுவை திரும்புவது உண்மை. நல்ல கன்வெர்ட்டர் போட்டாலும் அதே இழுவைதான் திரும்பும்.

ஒரிஜினலின் விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வெளிக் கம்பெனிச் சரக்கைப் போட்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அளவு கச்சிதம், கசிவு இல்லை, சத்தம் இல்லை, வண்டி பழையபடி வழுக்கிக்கொண்டு போகிறது. ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த செக் என்ஜின் விளக்கு! அழித்தால் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கும், அப்புறம் அதே பி0430, அதாவது 'இரண்டாவது வரிசைக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை' என்கிற கோளாறு எண். காரணம் புரியாமல் இல்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் ஏறி இறங்கும், பின்னால் இருப்பது ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். உள்ளே பூசிய சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, தேவைப்படும்போது வெளியே விடுவதால்தான் அந்த நிதானம். புகையைச் சுத்தம் செய்யும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்தோடு அதையும் சிக்கனமாகப் பூசினால் பின் சென்சாரும் முன்னதோடு சேர்ந்து ஆடும். கணினி அதைப் பார்த்து 'கன்வெர்ட்டர் போச்சு' என்று எழுதிவிடுகிறது. பின் சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் கொடுத்து, அதைப் புகையை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்து, கணினியை ஏமாற்றலாம் என்றார் மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை.

விளக்கு எரிந்தால் என்ன என்று கேட்கலாம். எப்போதும் எரிகிற விளக்கு, புதிதாக வேறு கோளாறு வந்தால் எப்படிச் சொல்லும்? ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால்தான் உண்டு. சிமிட்டினால் மட்டும் வேறு கதை: மிஸ்ஸிங் கடுமையாகி கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும்.

நண்பருக்கு: முதலில் காயில், பிளக்கைப் பாருங்கள், என்ஜின் ஆயில் குடிக்கிறதா என்றும் பாருங்கள். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் படிந்தால் புதுசும் மெல்லச் சாகும். அதைச் சரி செய்யாமல் எந்தக் கன்வெர்ட்டர் போட்டாலும் வீண்.

நான் போட்டதை வாங்கலாமா என்றால், மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டும், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இன்று காலையும் ஸ்டார்ட் செய்ததும் மஞ்சளாக முறைத்தது. நாளைக்கு அணைந்திருந்தால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ.