ஊட்டி பெயர்ப் பலகை: மரவேலை அருமை, பெயர்ப் பொருளில்தான் கவனம் வேண்டும்

சேரிங் கிராஸ் பக்கம் பரிசுப்பொருள் விற்கும் ஒரு கடையில் இந்தப் பலகையைச் செய்து தருகிறார்கள். பெயரைச் சொன்னால் போதும். மேலே பெயர், நடுவில் அதன் பழைய ஆங்கில எழுத்து வடிவம், கீழே தமிழில் பொருள், மூன்றையும் லேசரில் செதுக்கி விடுகிறார்கள். 'ஆங்கிலோ-சாக்சன் பெயர்கள்', அதாவது 1066க்கு முன் இங்கிலாந்தில் பழைய ஆங்கிலம் பேசியவர்களின் பெயர்கள், என்று தனியாக ஒரு ஆல்பமே உண்டு. எட்டுக்கு ஆறு அங்குலப் பலகை 750 ரூபாய். (சேரிங் என்பதே பழைய ஆங்கிலச் சொல்தான். லண்டனில் இருக்கும் இடத்துக்கு 'திருப்பம்' என்ற பொருளில் வந்த பெயர் அது. ஊட்டி சேரிங் கிராஸும் அதன் வழிதான்.)

குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் என்று எங்கே போனாலும் எட்வர்டு தாத்தாவும் எடித் பாட்டியும் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. ஆல்ஃபிரட், எட்வின், ஹரால்ட், மில்ட்ரெட் போன்ற பழம்பெயர்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மறுபடி மவுசு பெற்றன. மலையில் எஸ்டேட்டும் தேவாலயமும் பெருகியதும் அதே காலத்தில்தான். ஆகவே இந்தப் பலகை சுற்றுலாக்காரர் வாங்கிப் போகும் சாவிக்கொத்து போன்றதல்ல, ஹாலில் பெரியவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவது. பொருள் சரியாக இருந்தாக வேண்டும்.

முதலில் மரவேலை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்துப் பலகை அது. ரேகை அழகாகத் தெரிகிறது, ஓரம் நன்றாக இழைத்திருக்கிறது. செதுக்கும் முன் மேலே காகித டேப் ஒட்டிவிடுவதால் எழுத்தைச் சுற்றிப் புகைக்கறை இல்லை. குறை பின்பக்கம்: வார்னிஷ் முன்பக்கம் மட்டும்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலிலும் பனியிலும் பின்பக்கம் ஈரத்தை இழுக்கும், முன்பக்கம் இழுக்காது, பலகை வளைந்துவிடும். 'பின்னாடியும் ரெண்டு கோட்டு அடிச்சுக் குடுங்க' என்று கேட்டால் செய்து தருகிறார்கள், கூடுதல் பணம் கேட்பதில்லை. மாட்டும்போது பின்னால் நான்கு மூலையிலும் சிறு ரப்பர் பட்டன் ஒட்டி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று போக விடுங்கள்.

இனி பொருள். பாராட்ட வேண்டியதும் வருந்த வேண்டியதும் இங்கேதான் அதிகம்.

எட்வர்டு சரி. 'ஏயாட்' என்றால் செல்வம், நற்பேறு. 'வெயர்ட்' என்றால் காவலன். ஆல்ஃபிரடும் சரி. 'ஆல்ஃப்' என்பது மனிதருக்கு மேற்பட்ட ஒரு வகைத் தேவதை, 'ரேட்' என்பது அறிவுரை. 871 முதல் 899 வரை ஆண்ட மன்னரின் பெயர் என்றும் கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நல்ல வேலை. ஹரால்டுக்குப் 'படைத்தலைவன்' என்கிறார்கள். படை, ஆளும் வலிமை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது, ஏற்றுக்கொள்ளலாம்.

எட்வினில் சறுக்கல். 'வெற்றி பெறும் செல்வன்' என்று இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'வின்' என்றால் வெற்றி என்பதை வைத்துச் சொன்னது போலும். பழைய சொல் 'வினெ', பொருள் நண்பன். காட்வின், லியோஃப்வின் போன்ற பெயர்களின் கடைசியில் நிற்பதும் இதே நண்பன்தான்.

பெரிய பிழை மில்ட்ரெட்டில். 'மென்மையாக அறிவுரை சொல்பவள்' என்று போட்டிருக்கிறது. ஆல்ஃபிரடின் கடைசியில் வரும் 'ரெட்', மில்ட்ரெட்டின் கடைசியில் வரும் 'ரெட்' இரண்டும் இன்று ஒரே எழுத்துத்தான், ஆனால் ஒரே சொல் அல்ல. முன்னது 'ரேட்', அறிவுரை. பின்னது 'த்ரூத்', வலிமை. 'மில்டெ' என்ற மென்மையும் 'த்ரூத்' என்ற வலிமையும் சேர்ந்த பெயர் அது. கென்ட் பகுதியில் மின்ஸ்டர் மடத்துத் தலைவியாக இருந்த புனிதையின் பெயர். ஆட்ரி என்று இன்று சுருங்கிப்போன பெயரிலும் இதே 'த்ரூத்' ஒளிந்திருக்கிறது. ஒரு பாட்டியின் பெயரிலிருந்து வலிமையைப் பிடுங்கிவிட்டு அறிவுரையை வைப்பது அநியாயம்.

மில்ட்ரெட் பலகையில் இன்னொன்றும் கண்ணில் படும். பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்குத் 'தார்ன்' என்று ஒரு எழுத்து உண்டு. ஆங்கில 'பி'யின் தண்டை மேலேயும் நீட்டியது போல் இருக்கும். கடையின் அலங்கார எழுத்துருவில் அது இல்லாததால் 'பி'யையே போட்டுவிடுகிறார்கள், பெயர் 'மில்ட்ப்ரூட்' என்று படிக்கும்படி ஆகிவிடுகிறது. எளிய எழுத்துரு கேளுங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் அந்த இடத்தில் இன்றைய 'டி', 'எச்' இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்வதே நல்லது. 'ஏ'யும் 'ஈ'யும் ஒட்டிய 'ஆஷ்' எழுத்துக்கும் இதே சிக்கல்தான், அதைப் பிரித்துப் போட்டாலும் படிக்க முடியும்.

எடித்துக்குச் 'செல்வத்துக்காகப் போரிடுபவள்' என்று ஒரு முழு வாக்கியம். செல்வமும் போரும் பெயரில் இருப்பது உண்மை, இடையில் 'க்காக' இல்லை. அந்தக் காலத்தில் இரண்டு சொல்லை எடுத்துச் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் முத்துவேல் என்றும் வேல்முத்து என்றும் வைப்பது போல. வூஸ்டரில் 1062 முதல் 1095 வரை ஆயராக இருந்த வுல்ஃப்ஸ்டனைப் பாருங்கள். அப்பா ஏதெல்ஸ்டன், அம்மா வுல்ஃப்கிஃபு. அம்மாவின் முன்பாதி, அப்பாவின் பின்பாதி. கூட்டினால் 'ஓநாய்க் கல்'. பெற்றவர்கள் கல்லையும் ஓநாயையும் நினைத்து வைத்ததல்ல, பிள்ளையில் இருவரும் இருக்க வேண்டும் என்று வைத்தது. ஆல்ஃபிரடுக்கு முன் அரியணை ஏறிய அப்பாவும் மூன்று அண்ணன்மாரும் ஏதெல்வுல்ஃப், ஏதெல்பால்ட், ஏதெல்பெர்ட், ஏதெல்ரெட். செல்வராஜ், செல்வமணி, செல்வகுமார் என்று ஒரே வீட்டில் வரிசையாக வைப்பதில்லையா, அதே வழக்கம். அதனால் பலகையில் வாக்கியம் வேண்டாம், 'செல்வம் – போர்' என்று இரண்டு சொல்லாகப் போடச் சொல்லுங்கள். இடமும் மிச்சமாகும், எழுத்தும் பெரிதாக வரும்.

ஆல்பத்தில் வில்லியம், ரிச்சர்ட், ஹென்றி, ராபர்ட் எல்லாமே ஆங்கிலோ-சாக்சன் என்று இருக்கிறது. இவை ஜெர்மானிய மூலத்துப் பெயர்கள்தான், ஆனால் இங்கிலாந்தில் பரவியது 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகு. வினிஃப்ரெட் அதைவிடத் தூரம். வேல்ஸ் நாட்டுப் புனிதை குவென்ஃப்ரெவியின் பெயர் ஆங்கிலச் சாயல் பூசிக்கொண்டது. இந்தப் பெயர்களை வாங்குபவர்கள் மேலே உள்ள 'ஆங்கிலோ-சாக்சன்' முத்திரையை மட்டும் எடுக்கச் சொன்னால் போதும், பலகை கெடாது.

தமிழ் எழுத்துக்கு ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழை அப்படியே அவர்கள் பழைய எழுத்துருவில் ஒட்டினால் எழுத்து குழம்பும், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். செதுக்கும் முன் படமாக அனுப்பச் சொல்லி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புள்ளிகள் மர ரேகைக்குள் காணாமல் போகின்றன. 'நண்பன்' என்பதில் 'ண்' மேலிருக்கும் புள்ளியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைக்காரர் பொறுமையானவர். மில்ட்ரெட்டின் பிழையைச் சொன்னதும் மறுக்காமல் வேறு பலகையில் புதிதாகச் செதுக்கிக் கொடுத்தார், ஆல்பத்தில் பேனாவால் திருத்தியும் வைத்தார். சாதாரண நாளில் இரண்டு நாளில் கிடைக்கிறது. ஏப்ரல், மே சீசனில் ஒரு வாரம் ஆகும், அப்போது படம் அனுப்பாமலே செதுக்கிவிடுவதும் உண்டு. ஈஸ்டருக்கோ கல்லறைத் திருநாளுக்கோ வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லி, பெயரின் இரண்டு பாதிகளையும் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.