கழற்றி மாட்டும் ஹார்டு டாப்: நெல்லைச் சீமையின் வெயிலிலும் மழையிலும் காற்றிலும் கண்டவை

களக்காட்டை அடுத்த வாழைத் தோட்டங்களுக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஓடும் என் வண்டி, 2010ஆம் ஆண்டில் அறிமுகமாகி 2020 வரை விற்பனையில் இருந்த முதல் தலைமுறை மஹிந்திரா தார். தொழிற்சாலையிலிருந்து கேன்வாஸ் கூரையோடு வந்த அந்த வண்டிக்கு, வெளிமாவட்டப் பட்டறை ஒன்றில் செய்த ஃபைபர் ஹார்டு டாப்பைப் பொருத்திப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். வண்டியின் என்ஜினைப் பற்றியும் நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றியும் பிறர் நிறைய எழுதிவிட்டார்கள் என்பதால், இங்கே அந்த மேற்கூரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரே துண்டாக வார்க்கப்பட்ட கூரை. முன்பக்கம் கண்ணாடிச் சட்டத்தின் மேல் இரண்டு கிளாம்புகளாலும், பக்கங்களிலும் பின்னாலும் பாடியின் விளிம்பில் போல்ட்டுகளாலும் அது பிடித்து நிற்கிறது. பின்கதவின் மேற்பாதி, வாயு அடைத்த தாங்குகோலான கேஸ் ஸ்ட்ரட்டின் உதவியால் மேலே தூக்கும் கண்ணாடி. வாழைத்தார் நிறுக்கும் தராசில் கட்டித் தொங்கவிட்டு நிறுத்தபோது கண்ணாடிகளோடு சேர்த்து 60 கிலோவைச் சற்றே தாண்டியது. இந்த எடை முழுவதும் வண்டியின் உச்சியில் உட்காருகிறது என்பதைச் சரிவான தோட்டப் பாதையில் திரும்பும்போது உடல் உணர்கிறது. வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் வேலை உள்ளே இருக்கும் இரும்பு ரோல் பாருடையது. ஃபைபர் கூரையை நம்பி அந்த ரோல் பாரைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது மிகவும் ஆபத்தானது.

கழற்றக்கூடிய கூரையின் தொல்லைகள் அனைத்தும் அது பாடியோடு சேரும் விளிம்பில்தான் தொடங்குகின்றன. நிலையான கூரையுள்ள காரில் தகடும் தகடும் பற்றவைக்கப்பட்டு ஒரே உடலாகிவிடுவதால் அங்கே இடைவெளி என்ற பேச்சே எழுவதில்லை. இங்கோ, இரும்பால் ஆன கீழ்ப்பாதியும் கண்ணாடியிழையும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்த மேல்பாதியும் வெவ்வேறு விதமாக விரிந்து சுருங்குகின்றன. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் இரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும் என்றால், கையால் வார்த்த ஃபைபர் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நீளும். கூரையின் நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். சித்திரை மாதத்துக் கருப்புக் கூரைக்கு விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 40 டிகிரி வித்தியாசம் எளிதில் வரும். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் இடையே நாள்தோறும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இழுபறி நடக்கிறது. போல்ட்டின் துளை சரியாக அதன் அளவுக்கே போடப்பட்டிருந்தால் அந்த இழுபறியைத் துளையின் ஓரத்து ஃபைபர்தான் தாங்க வேண்டும். சில கோடைகளுக்குப் பிறகு அங்கிருந்து மயிரிழை வெடிப்புகள் கிளம்பும். துளையை நீள்வட்டமாக்கி, அகலமான வாஷரும் ரப்பர் புஷ்ஷும் வைத்து, போல்ட்டைக் கைபார்த்து முறுக்கிய பிறகே என் கூரையில் அந்த வெடிப்பு நின்றது. பட்டறையில் பொருத்தித் தந்தபோது ஏர் கன்னால் இறுக்கித்தான் தந்திருந்தார்கள்.

வெப்பத்துக்கு அடுத்தது முறுக்கு. சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின் மேல் பாடி தனியாக உட்காரும் இவ்வகை வண்டியில், ஒரு சக்கரம் வரப்பில் ஏறி மறுசக்கரம் வாய்க்காலில் இறங்கும்போது பாடி சற்றே முறுகிக் கொடுக்கும். கேன்வாஸ் அதற்கு இசைந்து கொடுக்கும், ஃபைபர் கொடுக்காது. விளைவாக முன் கிளாம்பின் அருகே கிறீச்சொலியும், கதவின் மேல் மூலையில் வெளிச்சம் தெரியும் அளவு பிளவும் தோன்றும். இந்த அசைவை எல்லாம் விழுங்க வேண்டியது இடையில் இருக்கும் பீடிங் ரப்பர். அந்த ரப்பர் உள்ளீடற்ற குழல் வடிவில் இருந்து, அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பி வரவேண்டும். ஈ.பி.டி.எம். என்று சொல்லப்படும் வகை வெயிலையும் ஓசோனையும் பல ஆண்டுகள் தாங்கும். எனக்கு முதலில் வந்த மலிவான ரப்பரோ, இரண்டாவது கோடைக்குள் அமுங்கியது அமுங்கியபடியே இறுகிவிட்டது. கூரை வாங்கப் போகிறவர்கள் பெயிண்டின் பளபளப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு இந்த ரப்பரை விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும் என்பேன். மூலைகளில் அது வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா, ஒரே துண்டாக வளைந்து வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒழுகல் எப்போதும் மூலையில்தான் பிறக்கிறது.

மழையைப் பொறுத்தவரை இந்தச் சீமையில் இரண்டு வகைச் சோதனை உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மணிமுத்தாறுக்கு மேலே மலைப்பாதையில் விழுவது காற்றோடு கலந்து பக்கவாட்டில் அடிக்கும் சாரல். அது கதவின் ஓரத்து ரப்பரைச் சோதிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நேராகக் கொட்டும். அது கூரையின் விளிம்பில் ஓடும் நீர்க்கால் எவ்வளவு ஆழம் என்பதைச் சோதிக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை மீறி ஓடிய அந்த மழையின்போது வண்டி திறந்த வெளியில்தான் நின்றது. ரப்பரை மாற்றியிருந்ததால் கதவுகளின் வழியே நீர் புகவில்லை. ஆனால் பின்கண்ணாடியின் கீலுக்காகப் போட்ட திருகாணித் துளைகளின் வழியே சொட்டிப் பின்னிருக்கை நனைந்தது. நீர்க்காலின் ஆழம் அரை விரற்கடைகூட இல்லாததால், கதவைத் திறக்கும்போதெல்லாம் கூரையில் தேங்கிய நீர் இன்றும் ஓட்டுபவரின் தோளில் வழிகிறது. வார்ப்பு அச்சிலேயே இருக்கும் குறை என்பதால் அதற்குப் பின்னால் செய்யக்கூடிய பரிகாரம் இல்லை.

காற்று எங்கள் பக்கத்துக்கே உரிய சோதனை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்று எத்தனை வலுவானது என்பதற்கு முப்பந்தலிலும் பணகுடியிலும் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சாட்சி. ஆடி மாதத்தில் வள்ளியூரிலிருந்து காவல்கிணறு நோக்கித் தேசிய நெடுஞ்சாலை 44இல் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால், கூரையின் மேல் ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது; கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே மெல்லிய சீழ்க்கையொலி எழுகிறது. கிளாம்பின் கொக்கியை ஒரு மரை இறுக்கினால் ஒலி அடங்கும், ஆனால் ரப்பரின் ஆயுள் குறையும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், காற்றுக்காலத்தில் இறுக்கமாகவும் மற்ற மாதங்களில் சற்றே தளர்வாகவும் வைத்துக்கொள்கிறேன். வெப்பத்துக்கும் இரைச்சலுக்கும் உள்பக்கம் நுரை ஒட்டிய லைனிங் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. லைனிங் இல்லாத வெறும் ஃபைபர் கூரை, சரளைச் சாலையில் பேசவிடாத அளவுக்கு அதிரும்.

கழற்றுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதற்காகத்தானே இத்தனை பாடு. ஜீப் ராங்ளரில் கூரை மூன்று துண்டுகளாக வருகிறது. ஓட்டுபவர் தலைக்கு மேலுள்ள இரண்டு சிறு பலகைகளைத் திருகு லாட்ச்சைத் திருப்பி ஒருவரே எடுத்துவிடலாம், பின்பகுதிக்கு மட்டுமே ஆள் துணை தேவை. அந்த வசதி கூடுதல் இணைப்புகளைக் கொண்டுவருகிறது, இணைப்புகள் கூடக்கூட ஒழுகும் வாய்ப்பும் கூடுகிறது. ஆயினும் வடிவமைப்பில் அது நல்ல பேரம். என்னுடையது ஒரே துண்டு என்பதால் நான்கு பேர் வேண்டும், அல்லது தோட்டத்துக் கொட்டகையின் உத்தரத்தில் மாட்டிய செயின் பிளாக் வேண்டும். பின்கண்ணாடியின் வைப்பர் ஒயரையும் தண்ணீர்க் குழாயையும் பிரிக்க ஒரு கப்ளர் வைத்துத் தராமல் நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அதை நானே மாற்றிக்கொண்டேன். இறக்கிய கூரையைத் தரையில் வைத்தால் அதன் கால்கள் மெல்ல விரிந்துவிடும். மூன்று மாதம் அப்படிக் கிடந்த கூரை மறுபடி வண்டியில் உட்காராது. இரு பக்கமும் பட்டை நாடாவில் தொங்கவிட்டு, குறுக்கே ஒரு மரச்சட்டத்தால் அகலத்தைப் பிடித்து வைப்பதே சரியான முறை. மோட்டார், மருந்தடிக்கும் டிரம் போன்ற உயரமான சாமான்களை ஏற்ற வேண்டிய காலங்களில் கூரை இல்லாத வண்டி மிகவும் உதவுகிறது. அந்தப் பயன் இல்லாவிட்டால் இந்த வேலையை யாரும் ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் செய்யமாட்டார்கள்.

இனி, கிடைப்பதில் உள்ள சிக்கல். முன்பணம் கட்டும்போது சொன்ன கெடுவுக்கும் கூரை கைக்கு வந்த நாளுக்கும் மாதக்கணக்கில் இடைவெளி இருந்தது. அதற்குப் பட்டறைக்காரரின் சோம்பல் மட்டும் காரணமில்லை என்பது பிறகு புரிந்தது. ஓர் அச்சில் வெளிப்பூச்சான ஜெல்கோட்டைப் பூசி, கண்ணாடியிழை விரிப்பான மேட்டை விரித்து, ரெசின் தடவி, இறுகவிட்டு எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். அவசரப்பட்டு முன்னதாகவே எடுத்தால் கூரை கோணிப்போகும். கடும் வெயிலில் ரெசின் சட்டென்று இறுகிவிடும், ஈரம் மிகுந்த மழை நாட்களில் ஜெல்கோட் சரியாக இறுகாது. இத்தனைக்கும் அச்சு ஒரு மாடலுக்கு மட்டுமே பயன்படும். வண்டியின் உடல் சற்று மாறினால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். விற்பனை எண்ணிக்கையோ சொற்பம். ஆகவே யாரும் இருப்பு வைத்து விற்பதில்லை, ஆர்டர் வந்த பிறகே அச்சைத் துடைக்கிறார்கள். வந்து சேருவது அடுத்த தொல்லை: எடை 60 கிலோதான் என்றாலும் அது அடைக்கும் இடம் அரை லாரி. பார்சல் அலுவலகங்கள் இடத்தைக் கணக்கிட்டே கூலி கேட்கின்றன. கண்ணாடி இருக்கிறது என்றால் பொறுப்பேற்க மறுக்கின்றன. என் கூரை கண்ணாடி தனி, ஓடு தனி என இரண்டு லாரிகளில் வந்தது.

சிறு பட்டறைக்குத்தான் இந்தப் பாடு என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2021இல் பிராங்கோ என்ற ஜீப் வகை வண்டியைப் புதிதாக வெளியிட்டபோது, கூரை அமைப்புகளில் நெடிய அனுபவமுள்ள ஜெர்மானிய நிறுவனமான வெபாஸ்டோவிடம் அதன் ஹார்டு டாப்பை ஒப்படைத்திருந்தது. பெயிண்ட் அடிக்காமல் வார்ப்பிலேயே நிறம் கலந்த அந்தக் கூரைகள், மிகுந்த நீரும் ஈரப்பதமும் பட்டபோது தோற்றம் கெட்டன. மேற்பரப்பில் பாம்புத் தோல் போன்ற வரிகள் தெரிந்ததாக வாங்கியவர்கள் படங்களோடு முறையிட்டார்கள். அந்த ஆகஸ்டில், அதுவரை செய்த அவ்வகைக் கூரைகள் அனைத்தையும் மாற்றித் தருவதாக ஃபோர்டு அறிவித்தது. ஹார்டு டாப் கேட்டுப் பதிவு செய்த பலருக்கு வண்டி அடுத்த மாடல் ஆண்டுக்குத் தள்ளிப்போனது. கட்டி முடித்த வண்டிகள் கூரைக்காக மிச்சிகனில் வெட்டவெளியில் வரிசையாகக் காத்து நின்றன. வண்டியில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்க, கூரை ஒன்று தாமதித்தால் மற்ற அனைத்தும் நிற்கும் என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஈரம் சவாலாக இருந்ததை அறிந்தபின், உவரிக் கடற்காற்றில் நின்று வரும் என் கூரையின் மேல் எனக்குச் சற்று மரியாதை கூடியது.

உதிரிப் பாகங்களுக்கு அந்தப் பட்டறையை நம்ப முடியவில்லை. பின்கண்ணாடி ரப்பருக்காக அனுப்பிய பணத்துக்கு வேறு மாடலின் ரப்பர்தான் வந்தது. வண்ணார்பேட்டையில் பஸ் பாடிக்குப் பயன்படும் பீடிங்கை மீட்டர் கணக்கில் வாங்கி, அளவொத்த வடிவத்தைத் தேடிப் பொருத்தியதே நிலைத்த தீர்வானது. கூரையின் வெடிப்புகளுக்கு மருத்துவம் கடற்கரையில் இருக்கிறது. சுனாமிக்குப் பின் எங்கள் கடலோரம் முழுவதும் ஃபைபர் வள்ளங்கள் பெருகியதால், மேட்டும் ரெசினும் கையாளத் தெரிந்தவர்கள் உவரிப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் வெடிப்பைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஜெல்கோட்டை ரொம்பத் தடியா அடிச்சிருக்காங்க, அதான் நட்சத்திரம் மாதிரி வெடிச்சிருக்கு, மேட்டுக்கு ஒண்ணும் ஆகலை" என்றார். உள்பக்கம் இரண்டு அடுக்கு மேட் வைத்து அவர் செய்த வேலை இன்றுவரை அசையவில்லை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே சாஃப்ட் டாப்பாக, அதாவது கேன்வாஸ் கூரை வண்டியாகப் பதிவான வண்டிக்கு இரும்பிலோ ஃபைபரிலோ கூரை போட நினைப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் அவசியம்.

2020 அக்டோபரில் வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில் தொழிற்சாலையே நிலையான ஹார்டு டாப்பைப் பொருத்தித் தருகிறது. கூரையைக் கழற்றும் எண்ணமே இல்லாதவர்கள் அதை வாங்கினால் இங்கே சொன்ன பாடுகளில் பெரும்பகுதி அவர்களுக்கு இல்லை. என்னைப் போலத் தோட்டச் சாமான் ஏற்ற உச்சி திறந்த வண்டியும், ஐப்பசியில் நனையாமல் ஊர் சேர மூடிய வண்டியும் ஒன்றாகவே வேண்டும் என்பவர்கள் ஒரே துண்டுக் கூரையைத் தவிர்த்து, துண்டு துண்டாகப் பிரியும் அமைப்பைக் கேட்டு வாங்கலாம். வாங்கும் அன்றே ஒரு முழுச் சுற்று பீடிங் ரப்பரும், ஒரு ஜோடி கிளாம்பும், ஒரு ஜோடி கேஸ் ஸ்ட்ரட்டும் கூடுதலாகக் கேட்டுப் பெற்றுவிடுங்கள். அச்சு தேய்ந்து பட்டறை அடுத்த மாடலுக்குப் போய்விட்டால் அவை எந்த விலைக்கும் கிடைக்காது.