காசிமேட்டுப் படகில் மூன்று சாட்டிலைட் கருவிகள்

எங்கள் விசைப்படகு காசிமேட்டிலிருந்து கிளம்பினால் திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். செல்போன் டவர் கொஞ்ச தூரத்திலேயே போய்விடும். வி.எச்.எஃப். வயர்லெஸ் 25 கடல் மைல் எட்டினாலே பெரிது. அதற்கப்புறம் செயற்கைக்கோள்தான்.

முதலில் வாங்கியது ஜெமினி. 2019-இல் வந்த சின்னப் பெட்டி. மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அனுப்பும் புயல் எச்சரிக்கை, அலை உயரம், மீன் கூடும் இடம் எல்லாவற்றையும் புளூடூத்தில் செல்போனுக்குக் கொடுத்துவிடும். ஆனால் ஒருவழிதான். படகுக்குச் செய்தி போகும். அங்கிருந்து ஒரு வார்த்தை வராது. அன்றன்றைக்குக் கரை சேரும் ஃபைபர் படகுக்கு இது போதும்.

இரண்டாவது, பி.எஸ்.என்.எல். தரும் இன்மார்சாட் சாட்டிலைட் போன். குரலைக் கேட்பதுபோல நிம்மதி வேறில்லை. செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால் நாம் பேசி, பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். பொறுத்துப் பேச வேண்டும். கேபினுக்குள் எடுக்காது. மழையானாலும் வெளியே வந்து ஆன்டெனாவை நீட்டிப் பிடிக்க வேண்டும். செலவும் அதிகம். வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலம் துரையா, இரிடியம் கம்பெனி சாட்டிலைட் போன்களை வாங்கிவிடாதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் வழக்குதான்.

மூன்றாவது இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர். மத்திய அரசுத் திட்டத்தில் இலவசமாகப் பொருத்தினார்கள். பேச முடியாது, குறுஞ்செய்திதான், ஆனால் இருவழி. ஆபத்துப் பட்டனும் உண்டு.

போன புரட்டாசியில் ஆந்திராவின் கிருஷ்ணப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே கியர் பாக்ஸ் உடைந்தது. வயர்லெஸ்ஸில் யாருமே கிடைக்கவில்லை. விடியற்காலை கட்டுப்பாட்டு அறையிலிருந்து எனக்குப் போன். படகை ஓட்டும் ஸ்ராங்கு டிரான்ஸ்பாண்டரில் அனுப்பிய செய்தியை வாசித்தார்கள்: "கியர் போச்சு. ஏழு பேரும் நல்லா இருக்கோம். கட்டி இழுக்க படகு வேணும்." கூடவே படகு நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை. பக்கத்து வீட்டு அண்ணன் படகு அந்த இடத்துக்கே போய் இழுத்து வந்தது. ஏழு வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொன்னேன். "நல்லா இருக்கோம்" என்ற அந்த வரிக்காகவே என் ஓட்டு டிரான்ஸ்பாண்டருக்கு. சூரை மீன் பிடிக்கத் தூரம் போகிறவர்கள் போனையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்டெனா ஒயர் ஜாயின்ட்டை மட்டும் அடிக்கடி பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும். எங்களுடையதில் இப்போதே பூத்திருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே மாற்றப்போகிறேன்.