பி.எம்.பி.யா, ஸ்க்ரம் சான்றிதழா: எதற்கு முதலில் பணம் கட்டுவது?

சில வருடம் கோடு எழுதியோ டெஸ்டிங் பார்த்தோ ஆன பிறகு, டீமை நடத்தும் பக்கம் போகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழா, ஸ்க்ரம் (வேலையைச் சில வாரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) சான்றிதழா என்பதைத்தான். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: முதலில் வேலையைப் பாருங்கள், தேர்வை அப்புறம் பார்க்கலாம்.

ப்ராஜெக்ட் மேனேஜர் தேதிக்கும் பணத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர். கிளையன்ட் கோபமாகப் பேசினால் அந்த அழைப்பு அவருக்குத்தான் வரும். ஸ்க்ரம் மாஸ்டருக்கு யாரையும் வேலை ஏவும் அதிகாரம் கிடையாது, டீம் தானாகப் பேசித் தீர்த்துக்கொள்ளப் பழக்குவதுதான் அவர் வேலை, கேட்கச் சுலபமாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும்.

நான் இருந்த ஒரு டீமில் காலை ஸ்டாண்ட்அப்பில் (யார் என்ன செய்கிறார்கள் என்று தினமும் பேசும் சிறு கூட்டம்) எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே ஒப்பிப்பார்கள். ஒரு பையன் மூன்று நாளாக ஒரே டிக்கெட்டுக்கு, அதாவது போர்டில் அவன் பெயரில் இருந்த வேலைக்கு, "போயிட்டிருக்கு" என்றான். நான்காம் நாள் நான் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டு, ஆள் வரிசையாக வேண்டாம், போர்டில் முடியப்போகிற டிக்கெட்டிலிருந்து பேசுங்கள் என்றேன். அவன் டிக்கெட் வந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "டெஸ்ட் சர்வருக்கு ஆக்சஸ் இன்னும் வரலை" என்றான். பக்கத்து சீட்காரர் திரும்பி, "என்கிட்ட சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல வாங்கித் தந்திருப்பேனே" என்றார். இதை எந்தத் தேர்வும் கற்றுத்தராது.

சரி, தேர்வுகள். பி.எம்.பி.க்கு, பட்டம் வாங்கியவராக இருந்தாலும், ப்ராஜெக்ட்களை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் ப்ராஜெக்ட் வாரியாக எழுத வேண்டும், சிலரிடம் ஆதாரமும் கேட்பார்கள், அதனால் பழைய மேனேஜர்களோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள். வாங்கிய பிறகும் ஒவ்வொரு 3 வருடத்திலும் 60 பி.டி.யூ. (தொடர்ந்து கற்பதற்கான புள்ளிகள்) சேர்த்தால்தான் நிலைக்கும். ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழில் பி.எஸ்.எம்., சி.எஸ்.எம். என்று இரண்டு பிரபலம். பி.எஸ்.எம். முதல் நிலைக்கு (பி.எஸ்.எம். 1) முன் அனுபவமே கேட்பதில்லை: 80 கேள்வி, 60 நிமிடம், 85 சதவீதம் எடுத்தால் போதும், காலாவதியும் கிடையாது. சி.எஸ்.எம். என்றால் வகுப்பு கட்டாயம், 2 வருடத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும், அதனால் நான் பி.எஸ்.எம். பக்கம்.

ஆனால் ஸ்க்ரத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 2023 ஜனவரியில் கேப்பிடல் ஒன் வங்கி 1,100-க்கும் மேற்பட்ட அஜைல் (ஸ்க்ரம் போன்ற முறைகளுக்கான பொதுப்பெயர்) வேலைகளை நீக்கி, அந்தப் பொறுப்புகளை இன்ஜினியர்களிடமும் ப்ராடக்ட் மேனேஜர்களிடமும் கொடுத்தது. பி.எம்.பி.யும் பழைய மாதிரி இல்லை, 2021-இல் மாற்றிய தேர்வில் ஏறக்குறைய பாதி அஜைலும், அதைப் பழைய முறையோடு கலக்கும் ஹைப்ரிடும்தான்.

மூன்று வருட அனுபவம் இல்லையா, ஸ்க்ரம் கைடை இலவசமாக இறக்கிப் படித்துவிட்டு பி.எஸ்.எம். எழுதுங்கள். பட்ஜெட்டையும் தேதியையும் ஏற்கெனவே சுமந்தவர் என்றால் பி.எம்.பி.க்கே நேராகப் போங்கள். இன்டர்வியூவில் மட்டும் மறக்காமல் கேளுங்கள், ரிலீஸ் தேதி தவறினால் யார் பதில் சொல்வது என்று. "நீங்கதான்" என்றால், ஆஃபர் லெட்டரில் ஸ்க்ரம் மாஸ்டர் என்று போட்டிருந்தாலும் அது ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை, சம்பளத்தையும் அதற்கேற்ற மாதிரியே பேசுங்கள்.