காசு தீர்ந்த ஊரும் சாமான் தீர்ந்த ஊரும்

2022 ஜூனில், அரச ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வரத் தேவையில்லை, வீட்டில் நின்று தோட்டம் செய்யலாம் என்று கொழும்பு அறிவித்தது. பெற்றோல் இல்லாதபடியால் எப்படியும் போயிருக்க முடியாது, அது வேறு கதை. நானும் பத்து உரப்பைகளில் மண்ணும் மாட்டெருவும் நிரப்பிக் கிணற்றடியில் அடுக்கினேன். கத்தரி, வெண்டி, பச்சைமிளகாய். மூன்று மாதத்தில் ஏழெட்டு நாள் கறிக்குக் காணும் அளவுக்குக் காய்த்தது. அந்த மூன்று மாதமும் வீட்டை வாட்டியது அரிசியும் காஸும் மண்ணெண்ணெயும். தலையிடிக்கு வயிற்றுக் குளிசை போட்ட கதைதான்.

நாட்டின் பொருளாதாரம் விழுந்தால் சின்னச் சின்ன ஊர்கள் எப்படித் தங்கள் காலில் நிற்பது என்று பேச்சு வரும்போதெல்லாம் மூன்று வழிகள் அடிபடும். காசுக்குப் பதிலாகச் சொந்தமாகச் சீட்டு அச்சடித்துப் பண்டமாற்றுச் செய்வது ஒன்று. கிடைக்கும் வெறுநிலத்தில் எல்லாம் பயிர் வைப்பது இன்னொன்று. இருபது முப்பது குடும்பம் சேர்ந்து ஒரே உலையில் சமைப்பது மூன்றாவது. மூன்றையும் பெரிய அளவில் செய்து பார்த்த நாடுகள் இருக்கின்றன: ஆர்ஜென்டீனா, கியூபா, பெரு. இவற்றை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, அங்கே தீர்ந்துபோனது என்ன என்பதைத்தான்.

ஆர்ஜென்டீனா: கடையில் மா இருந்தது, கையில் காசு இல்லை

1991 முதல் அங்கே ஒரு பெசோ ஒரு டொலர் என்று சட்டம் போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். 2001 டிசெம்பரில் அந்தக் கட்டு அறுகிற நேரம், வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் எடுக்க முடியாது என்று அரசு பூட்டுப் போட்டது. சனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘கொரலீத்தோ’, அதாவது சின்னப் பட்டி. தங்கள் காசைப் பட்டியில் அடைத்துவிட்டார்கள் என்ற கோபம். அதே மாதம் 19, 20ஆம் திகதிகளில் தெரு கொதித்தது, ஜனாதிபதி டி லா ரூவா பதவியை விட்டு ஹெலிகொப்டரில் கிளம்பினார். 2002இல் சனத்தொகையில் பாதிக்கு மேல் வறுமையில். ஆனால் அந்த நாட்டில் கோதுமைக்கோ இறைச்சிக்கோ பஞ்சமில்லை. அந்த வருடமும் கப்பல் கப்பலாகத் தானியம் ஏற்றுமதியானது.

பண்டமாற்றுச் சங்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1995 மே 1ஆம் திகதி, புவனஸ் அயர்ஸுக்குப் பக்கத்திலுள்ள பெர்னாலில், ஒரு வீட்டுக் கராஜில் இருபது பேரளவில் கூடினார்கள். ‘துருவேக்கே’ என்று பெயர். நீ பாண் கொண்டு வா, நான் சேட் தைத்துத் தருகிறேன், கணக்கைக் கொப்பியில் எழுதுவோம் என்ற மாதிரி. பிறகு ‘கிரெடித்தோ’ என்ற சீட்டை அச்சடித்தார்கள். காசு முடங்கிய 2002இல் இது காட்டுத்தீ மாதிரிப் பரவியது. உச்சத்தில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் என்பதுதான் வழமையாகச் சொல்லும் கணக்கு. மூடிக் கிடந்த ஆலைகளிலும் தேவாலய மண்டபங்களிலும் மேசை போட்டு விற்றார்கள்.

வருடம் முடிவதற்குள் எல்லாம் சரிந்தது. கள்ளச் சீட்டு வந்தது, உண்மை. புதிதாகச் சேருகிறவருக்கு 50 கிரெடித்தோ கையில் கொடுத்து வரவேற்றதால் சீட்டு பெருகி விலை ஏறியது, அதுவும் உண்மை. ஆனால் எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிவது வேறு. ஒரு பெண் வீட்டில் எம்பனாதா சுட்டுக் கொண்டுவந்து விற்கிறாள் என்று வையுங்கள், நம் ரோல், பற்றிஸ் மாதிரிப் பலகாரம். அவளுக்குக் கிடைப்பது சீட்டு. நாளைக்கு மாவும் எண்ணெயும் காஸும் வாங்கவேண்டுமே, சுப்பர்மார்க்கெட்டில் சீட்டு எடுக்கமாட்டார்கள். சங்கத்துக்குள் மா கொண்டுவரும் ஆள் இல்லை. மா ஆலைக்காரன் எதற்கு முடிவெட்டும் சீட்டுக்கு மூட்டை இறக்குவான்? கடைசியில் மேசைகளில் மிஞ்சியது பழைய உடுப்பும் கைவேலைச் சாமானும். அதே 2002இல் வேலையற்ற குடும்பத் தலைவருக்கு மாதம் 150 பெசோ என்று அரசு உண்மைக் காசு கொடுக்கத் தொடங்கியதும், சனம் சீட்டை விட்டு விலகிவிட்டது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சீட்டும் ஓடியது. புவனஸ் அயர்ஸ் மாகாண அரசு, சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் 2001இல் ‘பட்டக்கோன்’ என்ற பத்திரத்தை அச்சடித்து ஊழியருக்குக் கொடுத்தது. அதை வரி கட்டப் பாவிக்கலாம் என்று அதே அரசு ஏற்றுக்கொண்டதால் கடைக்காரரும் வாங்கினார்கள். மக்டொனால்ட்ஸ் ஐந்து பட்டக்கோனுக்கு ‘பட்டக்கொம்போ’ என்று ஒரு சாப்பாட்டையே விற்றது! ஒஸ்திரியாவின் வோர்கல் என்ற சின்ன நகரம் 1932இல் செய்ததும் இதே வித்தைதான். மாதம் ஒரு சதவீதம் மதிப்புக் குறையும் சீட்டை நகரசபை அச்சடித்தது, கையில் வைத்திருந்தால் நட்டம் என்பதால் எல்லோரும் ஓடிப்போய் வரியைக் கட்டினார்கள், அந்தக் காசில் தெருவும் பாலமும் போட்டார்கள். மத்திய வங்கி 1933இல் அதை நிறுத்தியது. ஆக, சீட்டு ஓடவேண்டுமானால் அதை வாங்கியே தீரவேண்டிய ஒருவர் முடிவில் நிற்கவேண்டும். அயலவர் நம்பிக்கை மட்டும் போதாது, அது இருபது பேர் கொப்பியில் எழுதும்வரைக்கும்தான்.

கியூபா: பெசோ இருந்தது, தட்டு வெறுமை

கியூபா நேர்மாறு. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அதன் வெளிநாட்டு வணிகத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. டீசல் இல்லை, இரசாயனப் பசளை இல்லை, கால்நடைத் தீவனம் இல்லை. சனத்தின் கையில் பெசோ இருந்தது, வாங்கச் சாமான் இல்லை. உழவு இயந்திரங்களை விட்டு எருதுகளைப் பழக்கினார்கள். 1992-93இல் 50,000 பேருக்கு மேல் கண்பார்வை மங்கியும் கைகால் மரத்தும் நோயாளியானார்கள். ஊட்டச்சத்துக் குறைவு அதற்கு முக்கிய காரணம்.

ஹவானாவின் வெறுங்காணிகளிலும் குப்பை கொட்டிய இடங்களிலும் அவர்கள் போட்டது ‘ஒர்கனோபோனிக்கோ’. கல், உடைந்த ஓடு, பலகை என்று அகப்பட்டதால் வரம்பு கட்டி, உள்ளே சேதனப் பசளையும் மண்ணும் கலந்து நிரப்பிய நீளப் பாத்தி. இரு பக்கமும் நின்று கை எட்டும் அகலம். தரை கொங்கிறீட்டாக இருந்தாலும் பரவாயில்லை. பூச்சிக்கு வேம்பு. நம் வேப்பமரத்தை அவர்கள் கொண்டுபோய் நட்டு மருந்து எடுத்தார்கள் என்பது எனக்கு ஒரு சின்னப் பெருமை. 1997இல் கிழக்கு ஹவானாவில் ஐந்து பேர் தொடங்கிய அலமார் தோட்டம் பின்னர் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் கூட்டுறவாக வளர்ந்தது. காலையில் பிடுங்கிய கீரையை வாசலிலேயே அயலவருக்கு விற்பார்கள், லொறியும் வேண்டாம், டீசலும் வேண்டாம்.

இதைத்தான் தன்னிறைவின் கோயில் மாதிரிப் பலர் காட்டுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். காணி அரசுடையது, வாடகையில்லாமல் பாவிக்கும் உரிமையைக் கொடுத்ததும் அரசு. பூச்சியைத் தின்னும் பூச்சியையும் பூஞ்சணத்தையும் வளர்த்துக் கொடுக்க நாடு முழுக்க இருநூறுக்கு மேல் அரசு நிலையங்கள் இருந்தன. மேலதிக விளைச்சலைச் சந்தை விலைக்கு விற்கலாம் என்று 1994 ஒக்டோபரில் கதவைத் திறந்துவிட்டதும் அரசுதான். கீழே இவ்வளவு இருந்ததால்தான் மேலே ஐந்து பேர் தோட்டம் போட முடிந்தது. தோட்டம் தந்ததும் மரக்கறி, கீரை. அரிசி வியட்நாமிலிருந்தும் கோழி அமெரிக்காவிலிருந்தும் இன்றைக்கும் கப்பலில்தான் வருகிறது. வயிறு நிறைப்பது அதுதானே.

பெரு: ஒரே அடுப்பு

பெருவில் இரண்டும் போனது. 1990இல் ஆண்டுப் பணவீக்கம் 7,000 சதவீதத்துக்கும் மேல். அந்த ஓகஸ்ட் 8ஆம் திகதி புதிய அரசு விலைக் கட்டுப்பாட்டை ஒரே நாளில் எடுத்ததில் பெற்றோல் முப்பது மடங்கு ஏறியது. அடுத்த நாள் தலைநகர் லீமாவின் சேரிகளில் சனத்துக்குச் சோறு போட்டது ‘கொமெதோர் பொப்புலார்’ என்ற பொதுச் சமையல்கூடங்கள். அவை 1970களின் இறுதியிலேயே கோமாஸ் போன்ற புறநகர்களில் பெண்கள் தொடங்கியவை. அதனால் இடி விழுந்த அன்று புதிதாக யோசிக்கவேண்டி இருக்கவில்லை.

முறை எளிது. இருபது, முப்பது, ஐம்பது பெண்கள் ஒரு குழு. முறைவைத்துச் சமைப்பார்கள். சமைக்கும் நாள் அவள் வீட்டுக்குப் பங்கு சும்மா, மற்றவர்கள் ஒரு சின்ன விலை கொடுத்துச் சட்டியில் வாங்கிப் போவார்கள், முடியாத கிழவிக்கும் நோயாளிக்கும் இலவசம். மொத்தக் கடையில் மூட்டையாக வாங்குவதால் விலை குறைவு. முப்பது அடுப்பு எரிவதற்குப் பதில் ஒன்று எரியும். காஸுக்காக மூன்று நாள் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

குறைகளும் உண்டு. தேவாலய அமைப்புகளும் வெளிநாட்டு உணவு உதவியும் இல்லாமல் மூட்டைகள் நிறைந்திருக்காது. கட்சிகள் தேர்தல் காலத்தில் இந்தப் பெண்களைத் தேடி வந்தன. துப்பாக்கிகளும் வந்தன: லீமாவின் வில்லா எல் சல்வடோரில் பெண்கள் அமைப்பை நடத்திய மரியா எலேனா மொயானோவை 1992 பெப்ரவரியில் ‘ஒளிரும் பாதை’ இயக்கம் கொன்றது. சமையல்கூடம் அவ்வளவு பெரிய அதிகாரமாக அந்த ஆயுதக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்தில் வைத்தால்

வேகத்தில் பொதுச் சமையலை மற்ற இரண்டும் தொடமுடியாது. இன்று கூடினால் இன்று இரவு கஞ்சி. சீட்டுக்குச் சில கிழமை, பாத்திக்கு இரண்டு மூன்று மாதம், அதுவும் தண்ணீர் இருந்தால். 2022இல் மின்வெட்டு இருந்த நாட்களில் என் கிணற்று மோட்டர் சும்மா கிடந்தது, வாளியால் இறைத்து நாரி போனதுதான் மிச்சம்.

வெளியை நம்பியிருப்பதில் மூன்றும் ஒன்றே, நம்பும் சாமான்தான் வேறு. வேலைச்சுமை யார் தலையில் என்று பார்த்தால், பெருவில் முழுக்கப் பெண்கள், ஆர்ஜென்டீனாவிலும் பெரும்பாலும் அவர்களே.

எனக்கு முக்கியமாகப் படுவது, பெருக்கும் விதம். துருவேக்கே ஒரே சீட்டை நாடு முழுக்க ஓடவிட்டது, பெர்னாலில் அச்சடித்ததை ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் முகம் தெரியாதவர் வாங்கினார். கொமெதோர் அப்படி வளரவில்லை. ஐம்பது பேருக்கு மேலானால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று. ஒன்று ஊழலில் கெட்டாலும் மற்றது கெடாது. முடிகிற விதமும் வேறு. வேலை கிடைத்ததும் பெண்கள் வீட்டில் சமைக்கப் போய்விடுவார்கள், யாருடைய சேமிப்பும் கையில் காகிதமாக மிஞ்சுவதில்லை. 2020இல் தொற்று வந்து லீமா முடங்கியபோது பொதுப் பானைகள் திரும்ப ஏறின, செய்முறை தெரிந்த தாய்மார் உயிரோடு இருந்தார்கள்.

எங்கள் பக்கம்

யாழ்ப்பாணத்துக்கு 1990களின் பொருளாதாரத் தடை கியூபா வகை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசு சில வீடுகளில் இருந்தது, பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுச் சிக்கன விளக்கு எரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள், காயப்போட்டால் மாடு வந்து சப்பும் என்று பகிடி. கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பனுக்கு நிறுத்துக் கொடுத்தார்கள். ஒருவரும் சீட்டு அச்சடிக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

2022இல் தீர்ந்தது டொலர். டொலர் போனால் முதலில் இறக்குமதிச் சாமான் போகும், பின்னாலேயே காசின் பெறுமதியும் போகும். 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 340 ஆனது, வெங்காயத்துக்கு நீர் இறைப்பவர்களும் கடற்றொழிலாளரும் அதை மறக்கமாட்டார்கள். அது பெரு வகை நெருக்கடி. அதற்கு அரசு கொடுத்த மருந்து தோட்டம். நான் தெரிவு செய்வதானால் முதலில் அடுப்பு, அடுத்த மாதம் தோட்டம், சீட்டு வேண்டவே வேண்டாம். சீட்டுக்குப் பதில் சங்கக்கடைக் கொப்பி போதும்.

சொல்வது சுகம். எங்கள் கோயில் மடத்தில் இருநூறு பேருக்குப் பொங்கக்கூடிய கிடாரம் இரண்டு கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது, அகப்பைகள், விறகடுப்பு, கிணறு எல்லாம் உண்டு. 2022 ஆடியில் நாலைந்து பேராக, தினமும் ஒருநேரக் கஞ்சி காய்ச்சலாமா என்று கேட்கப் போனோம். சங்கதியைக் கேட்டுவிட்டுப் பெரியவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அரிசி எங்கே என்பதாக இருக்கவில்லை. “ஆர் தம்பி கிண்டுறது?” என்றார். எந்தத் தெருவிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள் என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் விளங்கியது. நாங்கள் ஒரு பதிலும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். மடத்துத் திறப்பு இப்போதும் அவரிடம்தான் இருக்கிறது.