ஒன்பது வருடம், இரண்டு டைவிங் சிலிண்டர்: உள்ளே பிடிக்கும் துருவைப் பற்றி

என்னிடம் 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர் ஒன்றும் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒன்பது வருடமாகக் கடலுக்குப் போய்வருகின்றன. வெளிப்பக்கத்துக்குப் பெரிய வேலை இல்லை. நல்ல தண்ணீரில் கழுவி, அடியில் மாட்டும் ரப்பர் உறையைக் கழற்றிக் காயவைத்தால் போதும். உள்பக்கம்தான் கண்ணுக்குத் தெரியாமலே கெடும்.

ஐந்தாம் வருடம் ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) முடிந்து சில மாதங்கள் கழித்து, ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவியை, சர்வீஸுக்குப் பிரித்தார்கள். சிலிண்டரோடு இணையும் பகுதியான முதல் ஸ்டேஜின் வாயில் இருக்கும் பட்டன் அளவு உலோக ஃபில்டர் செங்கல் பொடி நிறத்தில் இருந்தது. அதில் பச்சை படிந்திருந்தால் ரெகுலேட்டருக்குள் உப்புநீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைப் பொடி என்றால் அலுமினியம் அரிக்கிறது. செம்பழுப்பு, ஸ்டீலின் துரு.

காற்றை முழுக்க வெளியேற்றி, வால்வைக் கழற்றி, உள்ளே சின்ன விளக்கை இறக்கிப் பார்த்தோம். பக்கச் சுவரில் ஒரே ஒரு கோடு, மேலிருந்து கீழ்வரை, டீ டிகாஷன் வழிந்து காய்ந்த மாதிரி. மற்ற இடமெல்லாம் சுத்தம். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஹைட்ரோ டெஸ்டில் சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பித்தான் அழுத்துவார்கள். டெஸ்ட் செய்த இடத்தில் சரியாக உலர்த்தாமல் கொடுத்திருக்கிறார்கள். நானோ அதை 200 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) நிரப்பி, படுக்கப்போட்டு வைத்திருந்தேன். 200 பாரில் உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அடர்த்தி வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. ஈரமும் சேர்ந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்?

இதில் உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. துரு பிடிக்கப் பிடிக்க உள்ளே இருக்கும் ஆக்சிஜன் செலவாகிக்கொண்டே போகும். கேஜ் நிறையக் காட்டும், ஆனால் அந்தக் காற்றை நம்பிச் சுவாசித்தால் மயக்கம்தான். மாதக்கணக்கில் கிடந்த காற்றை நான் இப்போது பயன்படுத்துவதே இல்லை. வெளியே விட்டுவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன்.

நல்லவேளை, குழி விழவில்லை. செராமிக் கற்களைப் போட்டு உருட்டி, கழுவி, வெதுவெதுப்பான உலர்ந்த காற்றை அடித்துக் காயவைத்துக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் சில பழக்கங்கள் வந்துவிட்டன. கடலில் இருக்கும்போது சிலிண்டரை ஒருபோதும் காலியாக்குவதில்லை. உள்ளே அழுத்தம் இல்லாமல் வால்வு திறந்திருந்தால் கடல்நீர் நேராக உள்ளே போய்விடும். நிரப்பக் கொடுக்குமுன் வால்வை ஒரு நொடி திறந்து, வாயில் நிற்கும் நீர்த்துளியை ஊதித் தள்ளுகிறேன். இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் ஈரம் அதிகம் புகும் வழி இதுதான் என்பது என் எண்ணம். நிரப்பும் இடத்தில், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கம்ப்ரசர் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கக் கூச்சப்படுவதும் இல்லை. நீண்ட நாள் வைப்பதென்றால் 20 பார் மட்டும் விட்டு நிமிர்த்தி வைக்கிறேன். தப்பித்தவறி நீர் இருந்தாலும் அடியில் தங்கும். அங்கே உலோகம் பக்கச் சுவரைவிடத் தடிமன்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று விட்டுவிடக் கூடாது. உப்புநீர் பட்டால் அதிலும் குழி விழும். பித்தளை வால்வு அலுமினியக் கழுத்தோடு இறுகிப்போவதும் உண்டு. அதனால் இரண்டையும் வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கிறோம். போன தடவை ஸ்டீலில் அந்தப் பழைய கோடு மங்கிய சாம்பல் நிழலாகத்தான் தெரிந்தது. விரலால் தடவினேன், பொடி ஒட்டவில்லை.